செவலை எழுந்த பகல்

சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருக்களில் பால் ஊற்றிப் பிழைக்கும் தனத்தின் செவலைப் பசு, கன்று போட்டதிலிருந்து எழுந்திருக்கவில்லை. கால்சியம் ஏற்றியும் பலனில்லை. சிமெண்ட் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்ததில் தொடைச் சதை நசுங்கியிருந்தது. எழுந்தால்தான் பிழைக்கும்.

"கயிறு கட்டித் தூக்கிடலாம், ஆளுங்கள இட்டுகினு வரவா?" என்றார் கணவர் துலுக்காணம்.

"சதை இன்னும் கிழிஞ்சிடும்," என்றார் கால்நடை மருத்துவர் ரேஷ்மா. "சதைக்குள்ள சில செல் தூங்கிட்டிருக்கும், அக்கா. அடிபட்டா அதுக்குள்ள இருக்கிற ஜீன் முழிச்சுக்கும், புதுச் சதை கட்டும். ஆனா ரத்தம் ஓடலைன்னா அதுவும் செத்துடும். மெத்துன்னு எதாவது போட்டு, பக்கம் மாத்தி மாத்திப் படுக்க வைங்க."

பக்கத்து மனையில் வீடு கட்டும் சவுரிமுத்துவின் மணல் தெருவில் குவிந்திருந்தது. தனம் கேட்காமலே கூடையில் அள்ளினாள்.

"இன்னா தனம், பட்டப்பகல்லயே திருட்டா?"

"மாட்டுக்கு மெத்த போடறேண்ணா. எழுந்ததும் திருப்பிக் கொட்டிடறேன்."

"சாணியோடவா?" என்ற சவுரிமுத்து, அடுத்த கூடையைத் தானே தூக்கி வந்தார்.

கணவனும் மனைவியும் பசுவைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். மறுநாள் மதியம் அது முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டுப் பின்பக்கத்தை உயர்த்தியது. துலுக்காணம் வாலைப் பிடிக்கப் பாய்ந்தார்.

"கை வெக்காதய்யா! அதுவா எழட்டும்!" என்று தடுத்தாள் தனம்.

தொடை வெடவெடத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த பசு, குளம்பை மணலில் ஊன்றி நிமிர்ந்து நின்றுவிட்டது.

அதைக் கண்டதும் கன்று மடியை முட்டத் துள்ளி ஓடியது. தனம் அதை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு முட்டுக்கூட அந்தத் தொடை இப்போது தாங்காது.