செயலற்ற நேரம்

கணக்கு டீச்சரை எனக்கு முதலில் காது வழியாகத்தான் தெரியும். என் அறிவியல் வகுப்புக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாது. நான் தவளையின் இதயத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பக்கத்துப் பின்னங்கள் வந்து கலந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அங்கிருந்து சத்தமே வரவில்லை. அவர் கேள்வி கேட்டது காதில் விழுந்தது, அதன் பிறகு ஒன்றுமில்லை. மயங்கி விழுந்துவிட்டாரோ என்று பதறிப்போய் ஓடி எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்தபடி நிற்கிறான். அவர் ஜன்னலோரம் கைகட்டி நிற்கிறார். 'போ' என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். பையன் யோசித்துக்கொண்டிருந்தானாம்!

"அதுக்காக இவ்வளவு நேரமாக்கா?" என்று மதியம் கேட்டேன்.

"ஒருத்தன் யோசிக்கறப்ப நடுவுல பேசறது, சாப்பிடறவன் தட்டைப் பிடுங்கற மாதிரிம்மா."

அவர் நேராக ஆசிரியராக வந்தவர் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்தார். காத்திருக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கடையில்தான் என்பார். "வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன உபாதைன்னு சொல்லவே வெக்கம். நாம அவசரப்படுத்தினா ஒரு தலைவலி மாத்திரையை வாங்கிட்டுப் போயிடுவாங்க. வந்த நோய் வந்தபடியே இருக்கும்." பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், "இது தலைவலி மாத்திரை. உட்காராதே, யோசி" என்பார். அவரிடம் படித்த பிள்ளைகள் வீட்டில் அப்பாவையே அப்படிக் கேட்டு அடி வாங்கியதும் உண்டு.

பிள்ளைகளிடம் அத்தனை பொறுமையாக இருப்பவருக்குப் பெரியவர்களிடம் மட்டும் மூக்கு நுனியில் கோபம். அதில்தான் சிக்கல்.

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கொரு முறை மதிப்பீட்டாளர் வருவார். கையில் பலகை மாதிரி ஒரு கணினியோடு கடைசி பெஞ்சில் உட்காருவார். பாதி வகுப்பைப் பார்த்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்தப் பாதியை வைத்து நமக்கு ஏ, பி, சி போடுவார். வருகிற தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் எல்லோரும் ஒத்திகை பார்ப்போம். எந்தப் பாடம், என்ன கேள்வி, யார் எழுந்து பதில் சொல்வது என்று எல்லாமே முடிவாகிவிடும். நானும் பார்ப்பேன், அதில் எனக்கொன்றும் வெட்கமில்லை. நாடகம் பார்க்கத்தான் வருகிறார், நாடகம் போடுகிறோம். புவியியல் ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே ஒத்திகை பார்த்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைப் பையன் துள்ளி எழுந்து, "பூமி தன்னைத்தானே சுத்தறதாலதான் சார்!" என்றான். கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. மாணவர் ஆர்வம் மிகச் சிறப்பு என்று அவருக்கு ஏ கொடுத்தார்கள்.

கணக்கு டீச்சருக்குச் சி. அந்தக் கணினியில் 'செயலற்ற நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வகுப்பில் யாரும் பேசாத நேரமெல்லாம் அதில் ஏறும், ஏற ஏற மதிப்பெண் குறையும். அடுத்தடுத்து இரண்டு முறை சி வாங்கினால் சொந்த வகுப்பு போய்விடும், பதிலி ஆசிரியராக்கிவிடுவார்கள். அதாவது, யார் விடுப்போ அவர் வகுப்பில் போய் உட்கார வேண்டியது. அந்தத் தண்டனைக்குப் பயந்துதான் நாங்களெல்லாம் ஒத்திகை பார்த்தோம்.

இரண்டாவது மதிப்பீடு நெருங்கியபோது தலைமையாசிரியர் அவரை வராந்தாவில் நிறுத்தினார். "டீச்சர், ஒரே ஒரு நாள். நாலு பசங்களைத் தயார் பண்ணுங்க. யார் கேக்கப் போறா?"

"என் பசங்களே கேப்பாங்க சார். இத்தனை நாள் எதுக்கு எங்களை நிக்க வெச்சீங்கன்னு."

நானும் அவர் வீட்டுக்கே போய்க் கரடியாய்க் கத்திப் பார்த்தேன். அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "நீங்களாவது சொல்லுங்கண்ணா" என்றேன்.

"நான் என்னம்மா சொல்றது? எனக்கும்தான் பயணிங்க போன்ல ஸ்டார் போடறாங்க. நேத்து ஒருத்தன், சடார்னு பிரேக் போட்டேன்னு ரெண்டு ஸ்டார் குறைச்சுட்டான். போடலேன்னா குறைக்க அவனே இருந்திருக்க மாட்டான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "வகுப்பு போனா எனக்கு வலிக்கும்தான். அந்த ஏழாம் வகுப்பை நான் ரொம்ப நேசிக்கறேன்" என்றார். பிறகு, "அதுக்காக அதுங்களை வெச்சுக் கூத்து கட்ட முடியாது. காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.

மதிப்பீட்டாளர் டீச்சரின் ஏழாம் வகுப்புக்கு வந்த நேரத்தில் எனக்கு வகுப்பில்லை. தடுப்பை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சர் கரும்பலகையில் எழுதுவது கேட்டது. "ஆறை அரையால வகுத்தா பன்னெண்டு. வகுத்தா குறையணும் இல்லையா? ஏன் கூடுச்சு?"

முன்வரிசைப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுப் பெண்ணைப் பேர் சொல்லி எழுப்பினார். ஆண்டு முழுக்க வாய் திறக்காத பெண். அக்கா, இன்றைக்கா அவளைக் கேட்பீர்கள்?

அமைதி. மின்விசிறி மட்டும் சுற்றியது. மதிப்பீட்டாளர் தொண்டையைச் செருமினார். மறுபடி அமைதி. "வேற யாரையாவது கேக்கலாமே மேடம்?" என்றார். "சரி, நான் ஒரு குறிப்பு தரட்டுமா பாப்பா?"

"கேள்வி உங்ககிட்ட கேக்கல சார்" என்றார் டீச்சர்.

"அது வந்து..." என்றாள் அந்தப் பெண். மறுபடி நிறுத்திக்கொண்டாள். பெஞ்சு நகர்கிற சத்தமும் வாசலை நோக்கிப் போகிற செருப்புச் சத்தமும் கேட்டன. மதிப்பீட்டாளர் போய்விட்டார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணின் மெல்லிய குரல்: "ஆறு பழத்தைப் பாதி பாதியா வெட்டினா பன்னெண்டு வரும். பழம் கூடல டீச்சர். துண்டுதான் கூடுது."

வகுப்பே கைதட்டியது. தடுப்புக்கு இந்தப் பக்கம் பைத்தியக்காரி மாதிரி நானும் தட்டினேன்.

சி தான் போட்டிருந்தார்கள். முடிவை ஏற்றுக் கையெழுத்துப் போட டீச்சரைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்தும் பாக்கி இருந்ததால் நானும் அங்கே நின்றேன். மதிப்பீட்டாளர் தாளை நகர்த்தி வைத்தார். டீச்சர் பேனாவைத் தொடவில்லை.

"ஒரு கேள்வி சார். அந்தப் பொண்ணு என்ன பதில் சொன்னா?"

"மேடம், பொதுவா உங்க வகுப்புல நேர மேலாண்மை..."

"இது தலைவலி மாத்திரை. நான் கேட்டது வேற."

சொல்லிவிட்டுக் கைகட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. காத்திருக்கிறார்! தலைமையாசிரியர் இருமினார், மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை இடம் மாற்றி வைத்தார். மதிப்பீட்டாளர் கணினியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்வேனா? அவ்வளவு நீளமான அமைதியை அந்த அறை பார்த்திருக்காது.

"எனக்குத் தெரியாது மேடம். நான் அதுக்குள்ள கிளம்பிட்டேன்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"சரியான பதில். அதை இந்தத் தாள்ல எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதவில்லை, இவரும் போடவில்லை. கையெழுத்து இல்லாமலே உத்தரவு வந்தது. ஏழாம் வகுப்பைப் பறித்து, புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அன்று ஓய்வறையில் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, "இன்னிக்கு யார் லீவு?" என்று கேட்டார்.

அவரை மூலையில் உட்கார வைத்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவரோ ஆறாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஓவிய வகுப்பு, உடற்பயிற்சி என்று எல்லா வகுப்புக்கும் போனார். போன இடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜன்னலோரம் கைகட்டி நின்றார். கொஞ்ச நாளில் பள்ளி முழுக்கப் பிள்ளைகள் "சார், இது தலைவலி மாத்திரை" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதிகம் சொன்னது புவியியல் ஆசிரியரிடம்தான்.

அடுத்த ஆண்டு மதிப்பீட்டாளர் என் வகுப்புக்கு வந்தார். டீச்சரிடம் ஏழாம் வகுப்பில் படித்த பிள்ளைகள்தான் இப்போது எட்டாம் வகுப்பில் என் முன்னால் இருந்தார்கள். நான் வழக்கம்போல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பதற்கு முன்வரிசைப் பையன் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அன்று புதிய கணக்கு ஆசிரியர் விடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம், தன் பழைய அறையிலேயே, டீச்சர் பதிலியாக வந்து சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் என் காதில் விழ விழ எனக்குள் ஏதோ கொதித்தது. அது அவருடைய அறை!

"பனிக்கட்டி ஏன் மிதக்குது?" என்று கேட்டேன். எழுந்த பையனை உட்காரச் சொல்லிவிட்டுக் அதே கடைசி பெஞ்சுப் பெண்ணை எழுப்பினேன்.

அவள் எழுந்தாள். பேசவில்லை. தடுப்புக்கு அப்பால் சுண்ணக்கட்டிச் சத்தம் நின்றது. நான் ஜன்னலோரம் போய்க் கைகட்டி நின்றேன்.

"மேடம், அடுத்த கேள்விக்குப் போகலாமே" என்றார் மதிப்பீட்டாளர்.

"கேள்வி உங்ககிட்ட கேக்கல சார்" என்றேன். "இருந்து கேட்டுட்டுப் போங்க."