அத்தை கைப்பட்ட சீத்தாப்பழம்

என் பெயின்ட் பிரஷ்ஷை அத்தை எடுத்துக்கொண்ட அன்று நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். பள்ளிக்கூடத்தில் படம் வரைய வாங்கிய பிரஷ். அதைக் கொண்டுபோய்ச் சீத்தா மரத்துப் பூவுக்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கோபப்படுவதற்கு அதைவிடப் பெரிய விஷயங்கள் இருந்தன என்பது எனக்கு அப்போது தெரியாது.

அத்தை, அப்பாவின் தங்கை. குழந்தை பிறக்கவில்லை என்று புருஷன் வீட்டார் ஒரு தகரப்பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வேங்கிக்கால் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். குறை யாரிடம் என்று எந்த டாக்டரும் பார்த்துச் சொல்லவில்லை. அவர்களே முடிவு கட்டினார்கள். எங்கள் ஆட்களும் தலையாட்டினார்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொல்லையில் இரண்டு சீத்தா மரங்கள். பூ நிறைய வரும். காய்ப்பதென்னவோ கோணல்மாணலாக நாலைந்துதான். ரேடியோவில் யாரோ சொன்னதைக் கேட்டு அத்தை வேலையில் இறங்கினாள். சாயங்காலம் நன்றாக விரிந்த பூக்களின் மகரந்தத்தை ஒரு பழைய பிலிம் ரோல் டப்பாவில் தட்டி வைப்பாள். விடிந்ததும், இதழ் லேசாகப் பிரிந்த பூக்களாகப் பார்த்து, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு உள்ளே தடவுவாள். இந்தப் பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாகிவிடுமாம். நாம் சேர்த்து வைத்தால்தான் உண்டு என்பாள். டப்பாவைப் பிடிப்பது என் வேலை. பிரஷ் சண்டை அதோடு தீர்ந்தது.

"யார் கேட்டாலும் மரம் தானா காய்ச்சுதுன்னு சொல்லு, இன்னா?" என்றாள் ஒருநாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பாடுபடுவது இவள், பேர் மரத்துக்கா?

அந்த வருஷம் பழம் ஒவ்வொன்றும் என் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. அப்பா பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுபவர். "அண்ணாமலையார் கண்ணத் தொறந்துட்டாரு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். அண்ணாமலையார் கையில் பிரஷ்ஷை நான் பார்க்கவில்லை.

சித்தப்பாவின் மனைவிக்கு, அதான் என் சித்திக்கு, வளைகாப்பு வந்தது. பெரிய பழங்களாகப் பொறுக்கித் தட்டில் அடுக்கியது அத்தை. அடுக்கி முடித்ததும், "நீ உள்ள போய் சாதத்தப் பாரு" என்றாள் அம்மா. வளையல் போட அத்தையை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

சித்தியின் அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார். ஒரு பழத்தைப் பிட்டு மகளுக்குப் பாதி கொடுத்து, தானும் வாயில் போட்டுக்கொண்டார். "அடேங்கப்பா, இன்னா பழம்! மரத்துக்கு இன்னா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல. எங்க அத்தைதான் ஒவ்வொரு பூவையும் தொட்டுத் தொட்டுக் காய்க்க வச்சாங்க" என்றேன், சமையலறைவரை கேட்கட்டும் என்று.

அவர் வாயிலிருந்ததை முந்தானையில் துப்பினார். சித்தியின் கையிலிருந்ததையும் பிடுங்கினார். "புள்ளத்தாச்சிக்குக் குடுக்கிறதா இது? தெரிஞ்சேதான் வச்சீங்களா?" மற்றப் பெண்களும் எடுத்த பழத்தைத் திருப்பி வைத்தார்கள். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். தூ! நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை; இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சித்தி மட்டும் யாரும் பார்க்காதபோது விரலை நக்கிக்கொண்டாள்.

பழமெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது. தட்டைத் தூக்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்தவளும் அத்தைதான்.

அடுத்த வருஷம் பூ விட்டதும் நான் டப்பாவோடு ஓடினேன். "அத்த, வா!" அவள் துணி துவைக்கிற கல்லைத் தாண்டி வரவில்லை.

"இனிமே நீயே பண்ணு கண்ணு. உன் கை நல்ல கை."

அங்கிருந்தே எந்தப் பூ, எவ்வளவு தடவணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாத கிளையைத் தொரட்டிக் கோலால் வளைத்துப் பிடித்தாள். ஓர் இலையில்கூட அவள் விரல் படவில்லை. என் பிரஷ் கடைசியில் என்னிடமே வந்துவிட்டது, வேலையில் நான் அத்தையை மிஞ்சிவிட்டேன், அதனால்தான் அவள் எட்டி நிற்கிறாள் என்று நினைத்து, வகுப்பு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.