அண்ணாச்சி அழுத்திய 'நோ'

போன ஞாயிறு காலை. எங்கள் வண்ணார்பேட்டைத் தெருவில் நாலு வீடு தள்ளி அந்தோணி அண்ணாச்சி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. சொந்த ஊர் கடற்கரைப் பக்கம்.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மோடத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா மெயிலே எறங்க மாட்டேங்கு வே! லைன் கெடைக்கி, நெட்டும் வருது... மெயில் மட்டும் வரல. பய எங்க இருக்கானோ, என்ன ஆனானோ?"

பய என்றால் சேவியர். ஒரே மகன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. 'எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் மெயில் போடுவேன்' என்று அவன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்தான் அது.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு பார்சல். பெயர் ரோச். அண்ணாச்சியின் ஊர்க்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் கம்பெனி ஒன்றில் வேலை.

"அண்ணாச்சி, ஒங்க மவன் குடுத்து உட்டான்."

"எங்க பாத்த அவன?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய? முந்தாநேத்து அவன் கப்பல் நம்ம தூத்துக்குடியிலதான கெடந்துச்சு! உங்க ரெண்டு பேருக்கும் துறைமுகத்துக்குள்ள வர பாஸ் எடுத்து வச்சிக்கிட்டு, பொழுது சாயுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தான். இன்ஜின்ல ரிப்பேரு, அவன வெளிய உடல. ஏன் நீங்க வரல?"

எழுந்த அண்ணாச்சி அப்படியே மறுபடி உட்கார்ந்தார்.

"எங்களுக்குத் தெரியாதே தம்பி," என்றார் அவர் மனைவி ரோசம்மா அக்கா, அடுப்படியிலிருந்து வந்து.

"மெயில் போட்டேங்கான். சிங்கப்பூர்ல இருந்து போனும் அடிச்சிருக்கான். நானே பூத்துல நின்னு அடிச்சிப் பாத்தேன் அக்கா. எப்பவும் என்கேஜ்டு."

என்கேஜ்டாகத்தானே இருக்கும்? வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். மகனிடமிருந்து மெயில் வரவில்லையே என்ற கவலையில் அண்ணாச்சி ஆபீஸுக்கு லீவு போட்டு, நாள் முழுக்க அதே லைனில் மோடத்தைப் போட்டு முயன்றுகொண்டிருந்தார். மகன் என்ன ஆனான் என்று அப்பா தேடுகிறார். அந்தத் தேடலே மகன் குரலை உள்ளே விடவில்லை...

சரி, மெயில் ஏன் வரவில்லை? ரோச் போன பிறகு நான் மவுஸைப் பிடித்தேன்.

திரையின் மூலையில் ஒரு சின்னப் படம். ஃபயர்வால் என்னும் காவல் புரோகிராம்.

அது வந்த கதை எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் ஆபீஸ் நண்பர் ஒருவரின் இன்டர்நெட் பாஸ்வேர்டை எவனோ திருடி, அவர் காசு கட்டி வாங்கிய மணி நேரத்தையெல்லாம் தின்று தீர்த்துவிட்டான். பயந்துபோன அண்ணாச்சி, நம்பகமான ஃபயர்வால் எது என்று கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டினார். ஒன்று வெளியிலிருந்து வருவதைத் தடுத்தது. உள்ளிருந்து போவதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்றைப் போட்டதும் கம்ப்யூட்டர் நத்தையானது. மூன்றாவது கறாரான ஆசாமி. எந்த புரோகிராம் இன்டர்நெட்டைத் தொட்டாலும், 'இவரை விடலாமா?' என்று கேட்கும். பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் புகழ்ந்தன. ஒரு வாரம் முன்பு அண்ணாச்சி அதைத்தான் போட்டார். நல்ல தேர்வு. நானாக இருந்தாலும் அதையே எடுத்திருப்பேன்.

அதன் தடைப்பட்டியலைத் திறந்தேன். மெயில் புரோகிராம் அங்கே இருந்தது — சொந்தப் பெயரில் அல்ல. திரையில் நாம் பார்ப்பது ஒரு பெயர். உள்ளே அதன் ஃபைலுக்கு வாயில் நுழையாத வேறொரு பெயர்.

"இத நீங்கதான் தடுத்தீங்களா அண்ணாச்சி?"

எட்டிப் பார்த்தார். "ஆமா. இதுவா? என்னமோ பேரு போட்டுக் கேட்டுச்சு. எவனோ களவாணிப்பயன்னு நெனச்சி 'நோ'ன்னு அமுக்குனேன். திரும்பத் திரும்பக் கேக்காதேன்னு கீழ ஒரு டிக்கும் அடிச்சேன்."

அது அப்புறம் கேட்கவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

தடையை எடுத்தேன். ஒவ்வொன்றாக மெயில்கள் இறங்கின. கப்பல் ரூட் மாறிவிட்டது, தூத்துக்குடி வருகிறேன். இன்ன தேதி. அம்மாவையும் கூட்டி வாருங்கள். 'அப்பா, ஏன் பதில் இல்லை?'

அண்ணாச்சி எல்லாவற்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். "தூத்துக்குடி அம்பது கிலோமீட்டர் கூட இல்லயே வே... பஸ்ஸு ஏறுனா போயிருக்கலாமே," என்றார். கப்பல் ஆப்பிரிக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. காண்ட்ராக்ட் முடிந்து அவன் வர அடுத்த ஈஸ்டர் ஆகிவிடும்.

அக்கா பார்சலைப் பிரித்தார். முழங்கால் வலிக்கு மாட்டிக்கொள்ளும் உறை. வலி இருப்பதை எப்போதோ மெயிலில் எழுதச் சொல்லியிருக்கிறார், மகன் மறக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இப்பவே அவனுக்கு எழுதுங்க. நமக்குத் தெரியாமப் போச்சுன்னு. அப்பா அம்மா வேணும்னே வரலன்னு பிள்ளை நெனச்சிறப்படாது."

அண்ணாச்சி ஒற்றை விரலால் டைப் அடிக்க ஆரம்பித்தார். 'அன்புள்ள சேவியர்' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டு, அதற்கு மேல் நகராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பைய எழுந்து வந்துவிட்டேன்.

வாரம் முழுக்க இதே நினைப்பு. ஃபயர்வால் மேல் குற்றமில்லை. திருடனுக்குப் பயந்தவர் மேலும் குற்றமில்லை. தெரியாத பெயரைக் கண்டால் கதவைச் சாத்துவது நம் எல்லோருடைய வழக்கம்தானே? வந்து நிற்பது சொந்தப் பிள்ளையாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இவ்வளவு புத்திசாலித்தனமாக அந்த ஃபயர்வாலைச் செய்தவர்கள், 'யெஸ்', 'நோ' இரண்டுக்கும் நடுவே 'தெரியாது' என்று ஒரு பட்டன் வைத்திருக்கக் கூடாதா?