அண்ணன் கொடுத்த ரத்தம்

இன்னொருவர் ரத்தத்தை என் மனைவியின் உடம்பில் ஏற்றப்போகிறார்கள் என்றதும் எனக்குத்தான் முதலில் வியர்த்தது. ரத்த வங்கியெல்லாம் இல்லாத காலம். ஆம்பூரில் வீட்டிலேயே பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது; அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் உதடு காகிதமாய் வெளுத்துக் கிடந்தாள். போன ரத்தத்துக்கு ஈடு கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டரம்மா.

அவள் அண்ணன் உடனே சட்டையைக் கழற்றினார். "என் தங்கச்சிக்கு நான் இருக்கேன். மாப்ள, நீங்க மயக்கம் போட்டு வுழாம இருந்தா போதும்."

கண்ணாடித் துண்டில் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்த்தார்கள்; சேர்ந்தது. சிறிது நேரத்தில் அவர் ரத்தம் குடுவையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக இவள் கைக்குள் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போனவன் நான். இப்படியும் ஒன்று நடக்குமா என்று வாய் பிளந்து நின்றேன்.

"குளிரு, முதுகுவலி, நெஞ்சடைப்பு, இன்னா வந்தாலும் சொல்லிடணும். பொறுத்துக்கக் கூடாது" என்றார் நர்ஸம்மா. அவள் தலையசைத்தாள்.

நான் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னா செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் மாப்ள பேஜார் பண்றீங்க? என் ரத்தம் அவள இன்னா பண்ணும்?"

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய மறு கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது. பற்களைக் கடித்திருந்தாள், தாடை நடுங்கியது.

"அம்மா, ஓடி வாங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஓடிவந்த நர்ஸம்மா முதலில் குழாயை இறுக்கி அடைத்தார். பிறகுதான் கேட்டார். "எங்க வலிக்குது?"

"முதுகு... ஆரம்பிச்சதுலேர்ந்தே."

"ஏம்மா சொல்லல?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "அண்ணன் குடுத்தது. அதப் போய் எப்படிக் குத்தம் சொல்றது?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். தாய்வீட்டுப் புடவை முதல் தண்ணீரிலேயே சாயம் போனாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். இவள் ரத்தத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள்!

"கொஞ்சம் முதுகு வலிச்சா நிறுத்திடுவாங்களா? அவ்ளோ ரத்தமும் வீணாப் போவுதே" என்று தவித்தார் அண்ணன்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போவாது" என்றார் நர்ஸம்மா. மீதி ரத்தத்தைக் கொட்டாமல் அப்படியே எடுத்து வைத்தார். டாக்டரம்மா விரைந்து வந்து ஊசி போட்டார், கம்பளி போர்த்தச் சொன்னார், இருவர் ரத்தத்தையும் புதிதாக எடுத்துக் கலந்து பார்த்தார். இந்தமுறை கட்டி கட்டியாகத் திரண்டது. ஒத்துக்கொள்ளாத ரத்தம்தான் அப்படித் திரளுமாம்; முதலில் அவசரத்தில் பார்த்தபோது பிடிபடவில்லை.

கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது. ஆனாலும் சிறுநீர் கருத்துவிட்டால் ஆபத்து என்றார்கள். உள்ளங்கை ஈரத்தை வேட்டியில் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தேன். நர்ஸம்மா பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தெளிவா இருக்கு!" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அண்ணன் மட்டும் தலைகுனிந்திருந்தார். "என் ரத்தம் கெட்டதா டாக்டரம்மா?"

"நல்ல ரத்தம்தான்யா. அவங்களுக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்."

அடுத்து என் ரத்தம். ஒருமுறை பார்த்தது போதாதென்று நான் நச்சரித்ததால் இன்னொருமுறையும் பார்த்தார்கள். ஒத்துப்போனது! மெதுவாக இறங்கவிட்டு நர்ஸம்மா கட்டிலோரமே உட்கார்ந்துகொண்டார். அவர் கேட்பதற்குள் இவளே ஆரம்பித்துவிட்டாள்.

"கை குறுகுறுங்குது. ஊசி குத்தின எடம் வலிக்குது. இப்ப லேசா சூடா இருக்கு."

"என் ரத்தத்துக்கு வாயே தொறக்கல. மாப்ள ரத்தம்னா இவ்ளோ குத்தமா?" என்றார் அண்ணன்.

"அவருதுதான? சொல்லலாம்."

"சொல்லும்மா, சொல்லிக்கிட்டே இரு" என்று நர்ஸம்மா சிரித்தார். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு குறையையும் கேட்டுக் கிடந்தேன். அவள் உதட்டில் மெல்ல நிறம் ஏறிக்கொண்டிருந்தது.