மழைப்பலகையில் பூச்சியம்

திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு விதைக் கிட்டங்கியில் சந்தனம்மாள் பெருக்குகிற வேலை பார்த்தாள். முற்றத்தில் மழைமானி வைத்தபோது அதைப் பார்த்துக்கொள்வதும் அவள் பாடாயிற்று. காலையில் மானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று சுவர்ப்பலகையில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் புள்ளி வைத்து எழுதப் பழகிக்கொண்டாள். புள்ளிக்கு முன்னால் முழு மில்லிமீட்டர், பின்னால் அதில் பத்தில் ஒரு பங்குகள். இளவயதிலேயே தாலியறுத்தவள். ஊர் அவள் முகத்தைப் பார்த்து நின்றது மழை பெய்த மறுநாள், அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும்தான்.

மழை இல்லாத நாளில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவாள். வானத்துக்குப் பூச்சியம் போட அந்தக் கரிசல்காட்டில் யாருக்குக் கை வரும்?

அறுபத்தெட்டில் புரட்டாசி பொய்த்தது. ஆபீசர் ஒருவர் வந்து பலகையைப் பார்த்தார்.

“அளக்கவே இல்லையாம்மா?”

“தெனமும் பார்த்தேன் சார். மழைதான் இல்ல.”

“அப்ப சைபர் புள்ளி சைபர்னு போடணும். காலியா விட்டா அளக்கலைன்னுதான் அர்த்தம். அடுத்த மாசமும் இப்படின்னா மானிய வேற ஊருக்கு மாத்திருவாங்க.”

மறுநாள் குப்பியில் சொட்டு விழவில்லை. 0.0 என்று எழுதினாள்.

பருத்தி விதைத்துவிட்டுக் காத்திருந்த பொன்னுச்சாமி பார்த்துவிட்டார்.

“ஏத்தா சந்தனம், வானத்துக்கு முட்டை போட்டா மழை எப்படித்தா வரும்?”

“போடலைன்னா மானியக் கொண்டுட்டுப் போயிருவாக மாமா.”

“போகட்டுமே. அந்தச் சட்டியா பெய்யுது?”

“அப்பறம் நம்ம ஊருல பெய்ஞ்சத யாரு சொல்லுவா?”

அவர் தோள்துண்டால் பூச்சியத்தைத் துடைத்துவிட்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பும் வரை நின்றவள் மறுபடி எழுதினாள். இது தினப்படி வழக்கமானது. அவர் துடைப்பார், அவள் எழுதுவாள். கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். தண்ணீர்க் குடத்தோடு திரும்பும்போது அழுகை வரும். ஆனால் ஒரு கட்டத்தையும் அவள் விடவில்லை.

மாதக் கடைசியில் ஆபீசர் வந்து, பலகையில் விரல் ஓட்டிப் பார்த்தார். “மானி இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த வாரம் ராத்திரி மழை கொட்டியது. காலையில் ஊர் கூடி நிற்க 11.2 என்று எழுதினாள்.

“தெனமும் முட்டை போடாம இருந்திருந்தா இருபதாச்சும் பெய்ஞ்சிருக்கும்” என்றார் பொன்னுச்சாமி. பிறகு குரலை இறக்கி அவளிடமே கேட்டார்:

“ஏத்தா, இந்தப் பதினொண்ணு பருத்தி மொளைக்கக் காணுமா?”