தண்ணீர் புகாத பெட்டி

ஸ்தமாத்திஸ் கூவாரிஸ் முப்பத்தொரு வருடம் பிட்ஸ்பர்க் கல்லூரி ஒன்றில் ஒரே பாடத்தை நடத்தினார்: கான்கிரீட்டுக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது எப்படி. அணையோ சுரங்கமோ, எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிரேக்க நாட்டு இகாரியா தீவிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்து, மாமாவின் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டே படித்த மனிதர். தீவில் அவர் பெயரை எடுத்தாலே ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். என்ன படித்தார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. படித்தார் என்பதே போதுமாக இருந்தது.

வீட்டில் பரம சாது. ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுவார், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மகன் இலியாஸுக்குக் கணக்குச் சொல்லித்தருவார். மனைவி ஆர்கிரோ சத்தம் போட்டால் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அவளும் அதே தீவுதான். வாய்தான் நீளம், மனசு பச்சைப்பிள்ளை.

இலியாஸ் பத்தொன்பது வயதில், ஒரு ஜனவரி காலையில், பனியில் வழுக்கிய காரோடு பாலத்துத் தூணில் மோதிச் செத்துப்போனான்.

"எம்புள்ள இந்தப் பனிக்குள்ள தனியா கெடக்க மாட்டான். ஊருக்குக் கொண்டு போயிடு" என்றாள் ஆர்கிரோ.

பெட்டி வாங்கப் போனவர் ஸ்தமாத்திஸ். கடைக்காரர் மரத்திலும் காட்டினார், எஃகிலும் காட்டினார். எஃகுப் பெட்டியின் மூடி விளிம்பில் ரப்பர் பட்டை ஓடியது. அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார், மூலைகளில் இணைப்பைத் தடவினார். எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டார். ஐம்பது வருடத்துக்குச் சொட்டுத் தண்ணீர் இறங்காது என்றார் கடைக்காரர். பையன்மேல் தண்ணீர் படக்கூடாது. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

தீவில் புதைக்கிற மண் இரவல் மாதிரி என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. அங்கே மூன்று வருடம் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்பைத் திராட்சை மதுவில் கழுவி, சின்னப் பேழையில் வைத்துக் கல்லறைக் கோயிலில் சேர்ப்பார்கள். ஊருக்குக் கொண்டுவந்து பெட்டியைக் குழிக்குள் இறக்கிய அன்றே குழிவெட்டி முகத்தைச் சுளித்தார். பேராசிரியருக்குத் தெரியாததையா நாம் சொல்லப்போகிறோம் என்று வாயை மூடிக்கொண்டார்.

அந்த மூன்று வருடத்தை ஆர்கிரோ நாள் நாளாகத் தள்ளினாள். கையால் வெள்ளைத் துணிப்பை ஒன்று தைத்தாள். ஒரு தடவை அவனை மடியில் வைத்துக்கொண்டால் போதும், அதற்கப்புறம் நானும் மனுஷியாக நடமாடுவேன் என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் அதை நம்பினார்.

மே மாதம் தீவுக்குப் போய்க் குழியைத் தோண்டினார்கள். பாதிரியார் ஜெபப் புத்தகத்தோடு நின்றார். ஸ்தமாத்திஸின் அக்கா ஃபோத்தினி மதுக்குடத்தோடு நின்றாள். மூடியை நெம்பித் திறந்தபோது எலும்பு இல்லை. கோட்டும் டையும் போட்ட அவர்களுடைய பையன் முழுதாகக் கிடந்தான். முகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை.

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். மண் ஒருவனைத் தின்னவில்லை என்றால் அவன்மேல் யாருடைய சாபமோ இருக்கிறது. இது அந்தத் தீவில் குழந்தைக்கும் தெரியும்.

ஆர்கிரோ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்தமாத்திஸ் பக்கத்தில் குனிந்தார். அவள் அவரிடம் சொன்னது சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது:

"நான்தான். அன்னிக்குக் கார் சாவிக்காகச் சண்ட. அவன் கதவ அறைஞ்சிட்டுப் போனான். 'மண்ணுகூட உன்னத் திங்காதுடா'ன்னு கத்துனேன்."

தீவில் பால் பொங்கி வழிந்தாலும் அம்மாக்கள் வாயில் வருகிற வசவுதான் அது. அவளுடைய அம்மாவும் அவளை அப்படித் திட்டியிருக்கிறாள். மூன்று வருடமாக அவள் இதை வைத்துக்கொண்டுதான் சமைத்தாள், பக்கத்தில் படுத்தாள்.

"நீ இல்ல, ஆர்கிரோ. பெட்டி. நான் வாங்குன பெட்டி. காத்தும் போகாது, தண்ணியும் போகாது. அதுக்குள்ள எதுவும் கரையாது. நான்தான் பாத்துப் பாத்து வாங்குனேன்."

அவர் எழுந்து ரப்பர் பட்டையைப் பிய்த்து எடுத்தார். பாதிரியாரிடம் காட்டினார், அக்காவிடம் காட்டினார், தள்ளி நின்ற பெண்களிடமும் கொண்டுபோய்க் காட்டினார். ஈரம் எப்படி உள்ளே வரும், மண் எப்படி வேலை செய்யும், இந்தப் பட்டை அதை எப்படி நிறுத்தும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பையனை இப்படி வைத்தது நான், என் படிப்பு, வேறு யாருமில்லை என்றார்.

பாதிரியார் அவர் தோளைத் தட்டினார். பாவமன்னிப்பு ஜெபம் வாசித்து, மரப்பலகை மட்டும் வைத்துத் திரும்பப் புதைப்போம், இன்னும் மூன்று வருடம் பார்ப்போம் என்றார்.

ஃபோத்தினி பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது: "எந்தம்பி மாதிரி ஆம்பள கெடைக்க மாட்டான். பொண்டாட்டி பழியத் தன் தலையில போட்டுக்கிறான் பாரு."

ஸ்தமாத்திஸ் மனைவியைப் பார்த்தார். அவளாவது நம்பவேண்டும். ஆர்கிரோ எழுந்து வந்து, அவர் கையிலிருந்த ரப்பரை வாங்கிக் கீழே போட்டாள். அவர் விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் தலைத்துணி நுனியால் துடைத்துவிட்டாள்.

"எனக்காக இப்படியெல்லாம் சொல்லாத, ஸ்தமாத்தி. ஒனக்குப் பொய் சொல்லவே வராது."