தியாகராசா கிளாக்கரின் தரவரிசை

சென்ற மாதம் தியாகராசா கிளாக்கருக்கு யாழ்ப்பாணத்தில் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், சிறப்பு மலர் ஒன்றும் வெளியிட்டார்கள். மலரில் பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். பதினாலு பேருக்கும் அவர் ‘நடமாடும் சட்டக் கல்லூரி’யாம். ஒருவர் எழுதிக் கொடுக்க மற்றவர்கள் கையெழுத்து வைத்தது போல இருக்கிறது. என்னை எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கேளாமலே எழுதுகிறேன்.

நடமாடும் சட்டக் கல்லூரி பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.எஸ்.சி.யை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டது. அதில் எனக்கு இளக்காரம் இல்லை. என் வீட்டில் பரீட்சை மண்டபம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் நான்தான். கிளாக்கர் பதினெட்டு வயதில் பெரிய சட்டத்தரணி பரமலிங்கத்தின் கந்தோரில் வழக்குக் கட்டுச் சுமக்கச் சேர்ந்தார். நாற்பது வருடத்தில் தலைமைக் கிளாக்கர் ஆனார். நீதிமன்றத்தை ஒட்டிய கோட்டடியில் ஒன்பது சட்டத்தரணிகள் ஒரு கூரையின் கீழ் இருந்த கந்தோர் அது ஒன்றுதான். காங்கேசன்துறை தொடங்கிப் பருத்தித்துறை வரை வேலி, கிணறு, வாய்க்கால் என்று எது வழக்கானாலும் ஒரு பக்கமாவது அங்கே வந்து சேரும்.

கிளாக்கரின் பலம் உறுதிக்கட்டு. பழைய காணி உறுதிகள், அதாவது பத்திரங்கள், முகட்டைத் தொடும் அலுமாரிகளில் நின்றன. எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்தப் பனை யாருடைய சீதனம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மனிதரைப் பார்த்தால் அவருக்கு முகம் தெரியாது. உறுதிதான் தெரியும். உறுதியில் பெயர் இல்லாதவன் அவர் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை.

அவருக்கு ஒரு பெரிய துயரமும் இருந்தது. மூத்த மகன் வைத்தியத்துக்குப் போதிய புள்ளி எடுத்திருந்தும், பல்கலைக்கழக அனுமதிக்கு அரசாங்கம் கொண்டுவந்த தரப்படுத்தலில் அடிபட்டுப் போனான். இப்போது ஜேர்மனியில் கோப்பை கழுவுகிறான். பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒரு தரம், மூன்று மணித் தேத்தண்ணிக்கு ஒரு தரம் அவர் அதைச் சொல்லுவார். “எடுத்த புள்ளியை எடுத்தபடி பாக்காமல், எந்த ஊர், எந்த மாவட்டம் எண்டு பாத்துக் குறைக்கிறவன் மனிசனோ?” என்பார். கேட்டிருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இந்தக் கதை புத்தூர் வரை வந்து எனக்கும் தெரியும். நியாயமான கேள்வி. அதை அவரிடமே கேட்க வேண்டி வரும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவன். பிறகு சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையில் மூன்றாம் இடம். அந்த முறை வடக்கிலிருந்து எழுதியவர்களில் எனக்கு மேலே ஒருவரும் இல்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தமிழன் கொழும்பில் பெரிய கந்தோர் எதையும் நம்ப முடியாது. ஊரில் பெரியவர் ஒருவரின் கந்தோரில் கதிரை மேசை கிடைக்காத புதுச் சட்டத்தரணியிடம் நாய் கடித்த வழக்குக்கூட வராது. பரமலிங்கம் கந்தோர் வருடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும். சட்டக் கல்லூரி வரிசைப்படி எடுப்பதாக எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எண்பத்தைந்து மாசியில் புத்தூரிலிருந்து சைக்கிளில் போனேன். விறாந்தை வாங்குப் பலகையில் எனக்கு முன்னமே சிவசுப்பிரமணியம் இருந்தான். என்னோடு படித்தவன். என் குறிப்புகளை வாங்கிப் படித்து நாற்பத்தோராம் இடம் எடுத்தவன். பரமலிங்கத்தின் மனைவி வழியில் ஏதோ மருமகன் முறை.

“நீயும் வந்தனியோ மச்சான்?” என்றான், உண்மையான இரக்கத்தோடு.

உள்ளே பரமலிங்கம் இருக்கவில்லை. கிளாக்கர்தான் இருந்தார். என் விண்ணப்பத்தையும் பெறுபேற்றுக் கடிதத்தையும் விரிக்காமல் ஒரு பக்கம் வைத்தார்.

“தம்பி எவடம்?”

“புத்தூர்.”

“புத்தூரிலை எவடம்? தேப்பன் என்ன செய்யிறார்?”

“தோட்டம், ஐயா. புகையிலை, வெங்காயம்.”

“சொந்தத் தறையோ?”

“குத்தகை.”

“வீட்டு வளவாவது? உறுதி ஆர் முடிச்சது?”

“அதுவும் மற்றாக்களின்ரை வளவுதான்.”

“ம்.” ஒரு நீலக் கொப்பியைத் திறந்து பென்சிலால் என்னவோ எழுதினார். “பரீட்சை எந்த மொழியிலை எழுதினீர்?”

“தமிழிலை.”

“ஐயோ தம்பி!” என்று, நான் விழுந்து காலை முறித்துக்கொண்டது போல வருத்தப்பட்டு, இன்னொரு கோடு போட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. “வடிவாய்ப் பாரும். ஒளிச்சுச் செய்யிற பழக்கம் என்னட்டை இல்லை” என்று கொப்பியை என் பக்கம் திருப்பியே விட்டார். இடப்பக்கம் சட்டக் கல்லூரி கொடுத்த இடம். வலப்பக்கம் அவர் கொடுக்கும் இடம். நடுவிலே காரணம். உறுதி இல்லாவிட்டால் பத்து இடம் கீழே. தமிழில் எழுதியிருந்தால் ஐந்து. வழக்குக் கொண்டுவரக்கூடிய இனசனம் இல்லாவிட்டால் இன்னும் ஒன்று. மூன்றாவது ஆளான நான் பத்தொன்பதாவது ஆகியிருந்தேன். நாற்பத்தோராவது ஆள் முதலாவதாக நின்றான்.

“ஐயா, இது தரப்படுத்தல் எல்லோ?” என்றேன்.

கிளாக்கரின் கழுத்து நரம்பு புடைத்தது. “என்ன கதை கதைக்கிறீர்? அது அரசாங்கம் செய்யிறது. அநியாயம். இது நாங்கள் செய்யிறது. அனுபவம்.”

“உங்கடை மோனுக்கு...”

“என்ரை மோனை இதுக்குள்ளை இழுக்காதையும். அவனுக்குக் குறைச்சவங்களுக்கு அவனை ஆர் எண்டே தெரியாது. நான் உம்மை விசாரிச்செல்லோ குறைக்கிறன்!”

நான் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் சிவசுப்பிரமணியம், “குறை நினையாதை மச்சான்” என்றான். குறை நினைத்தேன். இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்று கிழமை கழித்துத் தபாலில் நியமனக் கடிதம் வந்தது. பரமலிங்கத்தின் கையெழுத்து. திங்கட்கிழமை வந்து கதிரையை ஏற்கச் சொல்லியிருந்தது. வீட்டில் அம்மா கடிதத்தைச் சுவாமிப் படத்துக்கு முன்னே வைத்தா. அப்பா பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிக்கொண்டிருந்த மண்வெட்டியை வரம்பில் குத்திவிட்டு வந்து, “வாசி, பாப்பம்” என்று மூன்று தரம் வாசிக்க வைத்தார். யாரோ ஒருவர், பரமலிங்கமாக இருக்கலாம், என் பெறுபேற்றை விரித்துப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். படித்தவனுக்குத்தான் இப்படியெல்லாம் நினைக்க வரும்.

திங்கட்கிழமை கிளாக்கர் படலை வரை வந்து வரவேற்றார். “வாரும், வாரும். அண்டைக்கே சொல்லியிருக்கக் கூடாதே? உந்தப் பணிவு எங்களிட்டைக் கூடாது.” என் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப்போய், ஒன்பது சட்டத்தரணிகளுக்கும் கேட்க, “இவர்தான் புத்தூர் ஏரம்புவின்ரை பேரப்பிள்ளை” என்றார்.

என் அப்பாவின் தகப்பன் பெயர் ஏரம்பு. அது உண்மை. அதை இவர் ஏன் பெருமையாகச் சொல்லுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

பரமலிங்கத்தின் மேசையில் ஒரு பழைய உறுதி விரிந்து கிடந்தது. பக்கத்தில் தட்டச்சுச் செய்த வழக்கு மனு. வழக்காளி, ஏரம்பு முத்துக்குமாரு. என் அப்பா. ஏரம்புவின் முந்நூறு பரப்புத் தோட்டக் காணியில் தனக்குச் சேர வேண்டிய ஆறில் ஒரு பங்கைச் சகோதரர்கள் மறைத்துவிட்டார்கள் என்று என் அப்பா முறையிடுகிறார். கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளடிக் குறி போட்டிருந்தது.

கிளாக்கர் குனிந்து மெல்லச் சொன்னார். “நீர் போன பிறகு எனக்கு நித்திரை இல்லை. விண்ணப்பத்திலை தேப்பன்ரை பேர் ஏரம்பு முத்துக்குமாரு. ஊர் புத்தூர். எங்கையோ கண்ட பேர். அலுமாரியைக் கிண்டினன். ஏரம்புவுக்கு ஆறு பெடியள். ஐஞ்சு பேருக்குத்தான் பங்கு எழுதியிருக்கு. ஆறாவது பெடியன் எங்கை? குத்தகைத் தறையிலை வெங்காயம் நடுறான்! இருவது வருசம் இழுக்கக்கூடிய பங்கு வழக்கு, கண்டீரோ. உம்மை ஒண்டாம் இடத்துக்கு ஏத்திப்போட்டன்.”

நாற்பது வருடம் யாழ்ப்பாணத்துக் காணிகளைக் கரைத்துக் குடித்த தலை கண்டுபிடித்தது இதுதான். ஒரு ஊரில் இரண்டு ஏரம்பு இருக்கக்கூடும் என்பது அதற்குத் தோன்றவில்லை. உறுதி இல்லாத ஏரம்பு ஒருவர் இருக்கவே முடியாதே! அந்தக் காணிக்கார ஏரம்புவின் ஆறாவது மகன் ஆறு மாதத்தில் அம்மை வந்து செத்தது ஊரில் எல்லோருக்கும் தெரியும். உறுதியில் அது எழுதியிருக்கவில்லை.

“ஐயா, அந்த ஏரம்பு இல்லை” என்றேன்.

“வேறை எந்த ஏரம்பு?”

“என்ரை அப்பாவின்ரை அப்பு அந்த ஏரம்புவின்ரை தோட்டத்திலை தண்ணி இறைக்கத் துலா மிதிச்சவர். இறைப்புக்காரன்.”

ஒன்பது சட்டத்தரணிகளும் ஒரே நேரத்தில் தங்கள் கடதாசிகளில் ஏதோ தேடத் தொடங்கினார்கள். கிளாக்கர் மட்டும் உடனே விடவில்லை. அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“எத்தினை வருசம் மிதிச்சவர்?”

“ஏன்?”

“பத்து வருசத்துக்கு மேலையோ? தடையில்லாமல்? அப்ப அந்தத் தறைக்கு ஆட்சி உரிமை கேக்கலாமெல்லோ!”

வாழ்நாள் முழுக்க மற்றவனுக்குத் தண்ணீர் இறைத்த மனிதரைக் காணி பிடிக்க நின்றவர் ஆக்க அவருக்கு அரை நிமிடம்தான் தேவைப்பட்டது. மலரில் எழுதியவர்கள் இந்தத் திறமையை விட்டுவிட்டார்கள்.

பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டிக்காரர், கோபப்படவில்லை. “இஞ்சை பாரும், தம்பி. கடிதம் போட்டாச்சு. திருப்பி வாங்கினால் கந்தோருக்கு மரியாதை இல்லை. நீர் புத்தூர் ஏரம்புவின்ரை பேரப்பிள்ளை எண்டது பொய் இல்லையே. எந்த ஏரம்பு எண்டு ஆர் கேக்கப் போகினம்? தேப்பனை ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லும். வழக்குத் தோத்தாலும் பரவாயில்லை. தோக்கிறதுக்கிடையிலை நீர் தொழில் பழகியிடுவீர்.”

“நான் மூண்டாம் இடம், ஐயா. அதைக் கொண்டு எடுக்கலாமோ?”

“மூண்டாம் இடம் எண்டது கொழும்பிலை, தம்பி” என்றார் கிளாக்கர். “இஞ்சை வழக்குக் கொண்டு வாறவன்தான் ஒண்டாம் இடம்.”

சும்மா இருந்திருந்தால் கதிரை என்னுடையது. மின்விசிறிக்குக் கீழே, யன்னலோரம் போட்டிருந்தார்கள். வீட்டில் கடிதம் இன்னும் சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது. அப்பாவைக் கூட்டிவந்து, பென்சில் புள்ளடியில் பேனையை வைக்கச் செய்து, யாரோ ஒரு செத்த குழந்தையாக அவரைக் கோட்டில் நீதிபதிக்கு முன்னே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அப்பா நான் சொன்னால் வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டார். அதனால்தான் முடியாது என்றேன்.

“அப்ப போம்” என்றார் கிளாக்கர். அவருக்கு ஆறுதலாக இருந்தது போல. ஒழுங்கு திரும்பிவிட்டதே. நீலக் கொப்பியை எடுத்து என் பெயருக்கு நேரே, ‘தாமாக விலகினார்’ என்று எழுதினார்.

“அப்பிடி இல்லை, ஐயா. என்னத்துக்கு எண்டும் எழுதுங்கோ. துலா மிதிச்சவரின்ரை பேரப்பிள்ளை எண்டு எழுதுங்கோ.”

“அதை எழுதினால் கந்தோருக்கெல்லோ வெக்கம்! உப்பிடி ஒருத்தனுக்குக் கடிதம் போட்டது எண்டு நாளைக்கு நாலு பேர் கதைப்பினம்.”

அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கினேன். பறித்தேன் என்றுதான் அவர் பிறகு சொல்லித் திரிந்தார். ‘தாமாக விலகினார்’ என்பதை வெட்டினேன். ஏரம்பு, இறைப்புக்காரன், புத்தூர் என்று எழுதினேன். வலப்பக்கத்தில் அவர் போட்டிருந்த ஒன்று என்ற இடத்தையும் வெட்டி, மூன்று என்று போட்டேன். பென்சிலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் யன்னலோரக் கதிரையில் சிவசுப்பிரமணியம் இருந்தான். அப்பாவிடம், “அந்த வேலை சரிவரேல்லை” என்று மட்டும் சொன்னேன். அவர், “பின்னேரம் வெங்காயம் கிண்டவேணும், வாறியோ?” என்று கேட்டார். போனேன். சித்திரையில் மல்லாகம் கோட்டுக்கு முன்னால், ஒரு தேத்தண்ணிக் கடையின் ஒதுக்கில் மேசை போட்டேன். ஒன்பதாம் கிழமைதான் முதல் வழக்கு வந்தது. நாய் கடித்த வழக்கு. வென்றேன்.